சாட்சிக்காவின் பொத்தான் டப்பா

"சாட்சிக்கா" என்கிற பெயரை அவள் முதன்முதலில் கேட்டது சலவைக்கூடத்துப் படிக்கட்டில். காலை வேலைக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். மேலே இருந்து, "சாட்சிக்கா, சாட்சிக்கா, கொஞ்சம் நில்லுங்க!" என்று ஒரு குரல். இது என்ன பெயர், பாவம் யாருக்கு வைத்தார்களோ என்று நினைத்தபடி சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள். இறங்கி ஓடி வந்தவள் தாண்டிப் போகாமல் அவள் எதிரிலேயே நின்று மூச்சு வாங்கினாள். மூட்டை கட்டும் பகுதியில் வேலை பார்க்கிறவள்.

"உங்களைத்தாங்க்கா கூப்பிடறேன். நேத்து கூட்டத்துல நீங்க சொன்ன சாட்சியைக் கேட்டு எங்க மாமியார் அழுதுட்டாங்க. பத்து வருஷமா நானும் அவங்களை அழ வைக்கப் பாக்கறேன், நடக்கல. நீங்க பத்து நிமிஷத்துல முடிச்சிட்டீங்க!"

அன்றையிலிருந்து அவள் சாட்சிக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

அதற்கு முன்பும் அவளுக்கு வேறு பெயர்கள் இருந்தன. புகுந்த வீட்டில் "வலிப்புக்காரி" என்றார்கள். கொஞ்சம் இரக்கமுள்ளவர்கள் "அந்தச் சீக்குக்காரப் பொண்ணு" என்றார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் மாமியார் அவளையும் அவள் பெட்டியையும் கொண்டுவந்து அண்ணன் வீட்டுப் படியில் வைத்துவிட்டு, "உங்க பொருளை நீங்களே வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் பேருந்து ஓட்டுகிறவர். தெருவில் எவ்வளவு பெரிய வண்டியையும் திருப்புவார். வீட்டில் ஒரு பேச்சைத் திருப்பத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அண்ணிதான் படியிறங்கி வந்து பெட்டியைத் தன் கையால் தூக்கினாள். "என்ன வேடிக்கை? உள்ள வா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த நாலு சொல்லுக்கு உயிர் உள்ளவரை நன்றி சொன்னாலும் தீராது என்று அவளுக்குத் தோன்றியது.

அண்ணி வெளியாளும் இல்லை. தாய்மாமன் மகள். அவளுக்கு முதலில் மாமன் மகள், பிறகுதான் அண்ணி. நான்கு வயது மூத்தவள். சின்ன வயதிலேயே அண்ணி என்ன செய்தாலும் இவளும் செய்வாள். அண்ணி வகிடு எடுத்தால் அதே பக்கம் வகிடு. அண்ணி இடக்கைக்காரி, அவள் எழுத்து இடப்பக்கம் சாயும். இவள் வலக்கைக்காரி, இவள் எழுத்தும் மெனக்கெட்டு இடப்பக்கமே சாய்ந்தது. வாத்தியார் விரலில் தட்டி, "உனக்குன்னு ஒரு எழுத்து இல்லையா?" என்று கேட்டார். அவளுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. அண்ணியின் எழுத்து நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு வேறு எதற்கு?

பெரியவளானதும் அண்ணி ஜெபிக்கிறவளாக ஆனாள். அவள் வீட்டு முன்கூடத்தில் செவ்வாய், வெள்ளி மாலைகளிலும் ஞாயிறு காலையிலும் கூட்டம் நடக்கும். நாற்பது பேர் வருவார்கள். அண்ணி பாட ஆரம்பித்தால் தெருவில் போகிறவன் சைக்கிளை நிறுத்துவான். அவள் பேச்சைக் கேட்டுக் குடியை விட்டவர்கள் உண்டு, தாங்கள் அடித்த மனைவியிடம் மன்னிப்புக் கேட்டவர்கள் உண்டு. நடிப்புக்காரி என்று அவளை யாராலும் சொல்ல முடியாது. நாத்திக்கு வலிப்பு வந்தால் தரையில் உட்கார்ந்து ஒருக்களித்துப் படுக்க வைப்பாள், தலைக்கடியில் துணியை மடித்து வைப்பாள். கையில் சாவியைக் கொடு, இரும்பைக் கொடு என்று ஓடி வருகிறவர்களைப் பார்த்து, "சாவியும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம். தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்" என்று விரட்டுவாள். ஈரமான பாவாடையை அவளே மாற்றுவாள். முகம் சுளித்ததில்லை.

ஒருநாள் அண்ணன் அவளைப் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஒருவேளைகூட விடக்கூடாது என்றார் டாக்டர். அதே வாரத்தில்தான் அண்ணி அவளுக்காக நாற்பது நாள் உபவாச ஜெபம் ஆரம்பித்தாள். வலிப்பு நின்றது. ஒரு மாதம், இரண்டு மாதம், நான்கு மாதம். அண்ணி அவளைக் கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

"மாத்திரை சாப்பிடறதையும் சொல்லணுமா அண்ணி?" என்று அடுப்படியிலேயே கேட்டுவிட்டுத்தான் போனாள்.

"ஆண்டவர் செஞ்சதைச் சொல்லு. மீதியெல்லாம் எதுக்கு?" என்றாள் அண்ணி.

சொன்னாள். விழுந்த இடங்களைச் சொன்னாள், பெட்டி வந்த நாளைச் சொன்னாள். அண்ணிக்கு அழுகை வருமுன் தொண்டை ஒரு இடத்தில் இடறும். இவளுக்கும் அதே இடத்தில் இடறியது. கூட்டம் கண்ணைத் துடைத்தது. எல்லாம் முடிந்து உட்காரப் போகிற நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "இப்ப மாத்திரை ஏதும் சாப்பிடறியாம்மா?" என்று கேட்டார். குற்றம் பிடிக்கக் கேட்கவில்லை. ஆசையாகத்தான் கேட்டார். நாற்பது முகமும் அவளையே பார்த்தன. அண்ணியின் கண்கள் மூடியிருந்தன.

"விட்டுட்டேன்" என்றாள்.

ஒரே ஒரு சொல். கூடமே "ஸ்தோத்திரம்" என்று எழுந்தது. அந்தச் சத்தத்தில் அவளுக்கு முதுகுப் பக்கம் யாரோ கதவைச் சாத்தித் தாழ் போட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது: அது இனித்தது. வலிப்புக்காரி என்று கேட்ட காதுக்கு அடுத்த நாள் காலை படிக்கட்டில் சாட்சிக்கா என்று கேட்டது தேனாக இனித்தது.

வீடு ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறை. முன்கூடம், அடுப்படி, கடைசியில் அவள் அறை. அவள் அறை ஜன்னலைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். வாசலுக்குப் போக வேண்டுமென்றால் கூடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். கூட்டம் நடக்கும்போது வெளியே வந்தால், "வாங்க சாட்சிக்கா, முன்னால வாங்க" என்று நாற்காலி போட்டுவிடுவார்கள். மாலை மாத்திரைக்கான நேரமும் பாட்டு ஆரம்பிக்கும் நேரமும் ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைக்குட்டையால் வாயைத் துடைப்பதுபோல மாத்திரையைப் போட்டுத் தண்ணீரில்லாமல் விழுங்கக் கற்றுக்கொண்டாள். அது நெஞ்சில் பாதி வழியில் நின்று கரைந்து கசக்கும். அந்தக் கசப்போடுதான் அவள் அல்லேலூயா சொன்னாள்.

சாட்சி சொல்வதற்கு முன்பே, குணமாகிவிட்டது என்று அண்ணன் சொல்லித்தான் சலவைக்கூடத்தில் வேலையும் கிடைத்திருந்தது. மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுக்கும் இடம் அது. தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஒரே பெரிய கூடம். நாள் முழுக்க நீராவி. அவளுக்கு மூலையில் ஒரு மேசை, அதில் தையல் இயந்திரம். கிழிசலைத் தைக்க வேண்டும், அறுந்த பொத்தானை மாட்ட வேண்டும். மாத்திரை அட்டை சரசரக்கும் என்பதால் மாத்திரைகளைப் பிரித்து, அந்தப் பொத்தான் டப்பாவில் வெள்ளைப் பொத்தான்களுக்கு நடுவே போட்டு வைத்தாள். ஒருநாள் அவசரத்தில் பொத்தானை விழுங்கிவிட்டாள். இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தாள். யாரிடம் சொல்வாள்? சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

கூடத்தின் நடுவில் உருளை இயந்திரம். ஆள் உயரத்துக்கு நீளமான சூடான உருளைகள். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈரப் போர்வையின் இரு முனையைப் பிடித்துக் கொடுத்தால் அந்தப் பக்கம் காய்ந்து மடிப்பில்லாமல் வரும். இயந்திரத்தின் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருக்கும். இழுத்தால் எல்லாம் நின்றுவிடும். உருளை மறுபடி சூடேற அரை மணி நேரமாகும் என்பதால் சும்மா யாரும் இழுக்க மாட்டார்கள். இழுத்தால் மேற்பார்வையாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். இரைச்சலில் குரல் எடுபடாது என்று அவர் கழுத்தில் ஒரு விசிலைத் தொங்கவிட்டிருப்பார். அவர் பெயரே விசில்.

உருளையில் துணி கொடுக்கிறவள் பெயர் தெரியல. எதைக் கேட்டாலும் அவளுக்குத் தெரிந்தால் சொல்வாள், தெரியாவிட்டால் "தெரியல" என்பாள், அதுவே பெயராகிவிட்டது. நம்மில் பாதிப் பேர் தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்லித்தானே வண்டியை ஓட்டுகிறோம். அவளுக்கு அது வராது. அவளும் அண்ணியின் கூட்டத்துக்கு வருகிறவள்தான். கடைசி வரிசை. பாட்டில் சுருதி சேராது. பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளி உட்காருவார்கள்.

ஒருமுறை விடுதியிலிருந்து வந்த மேசை விரிப்புகள் ஒரு கட்டு முழுக்கப் பழுப்பாகத் தீய்ந்துவிட்டன. விசில் ஊதி எல்லோரையும் நிறுத்தி, "யாரு வேலை இது?" என்று கேட்டார். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். இயந்திரத்தின் மேல் பழி போட்டிருக்கலாம், அது பழைய இயந்திரம். தெரியல கையைத் தூக்கினாள்.

"நான்தான். சூட்டைக் குறைக்க மறந்துட்டேன்."

அழுக்குத் துணி பிரிக்கும் இடத்துக்கு அவளை மூன்று மாதம் அனுப்பினார்கள். ரத்தமும் சீழும் படிந்த துணிகள். சாட்சிக்கா கவனித்தது வேறொன்று. அன்று மத்தியானம் தெரியல தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, எப்போதும்போல ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த சாட்சிக்கா தன் டப்பாவைப் பாதியில் மூடினாள். தான் அப்படிச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தாள்.

அண்ணி ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருந்தாள். வருஷத்தின் முதல் ஞாயிறு ஒவ்வொருவரும் எழுந்து, இந்த வருஷம் நான் இன்ன விசுவாசியைப் பார்த்து நடக்கப்போகிறேன் என்று சொல்ல வேண்டும். கூடத்துச் சுவரில் ஒரு பெரிய அட்டை. இடப்பக்கம் சொல்கிறவர் பெயர், வலப்பக்கம் அவர் பின்பற்றப் போகிறவர் பெயர். நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தாள். ஆனால் வலப்பக்கம் முழுக்க அண்ணியின் பெயரே வந்தது.

அந்த வருஷம் தெரியலவின் முறை வந்தபோது அவள் எழுந்து நெளிந்தாள்.

"யாரைப் பாத்து நடக்கப் போறே, சொல்லும்மா" என்றாள் அண்ணி.

"தெரியல."

கூடம் சிரித்தது.

"இயேசப்பாவைத்தான் பாக்கறேன். இன்னும் ஒண்ணும் வரல. கொஞ்சமாவது வரட்டும், அப்புறம் அட்டையில எழுதிக்கலாங்க."

அதற்கடுத்து எழுந்தவள் புதுசு. சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறவள். சேர்ந்து ஏழு மாதமாகியும் புதுசு என்றே கூப்பிட்டார்கள். இருபத்தைந்து வயதிருக்கும். வேலை தேடி வெளியூர் போன கணவன் எப்போதாவது வருவான். அவள் நேராகச் சாட்சிக்காவைப் பார்த்து, "நான் சாட்சிக்கா மாதிரி இருக்கப் போறேன்" என்றாள். அண்ணி அட்டையில் எழுதினாள், இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில். தன் பெயர் வலப்பக்கத்தில் வந்ததைப் பார்த்துச் சாட்சிக்காவுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு, உள்ளதைச் சொன்னால், பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ஒன்பது நாள் இருந்தது.

ஒன்பதாம் நாள் புதுசு துணி வண்டிக்குப் பின்னால் அவளைக் கைபிடித்து இழுத்தாள்.

"அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். விசிலுக்குத் தெரிஞ்சா வேலை போயிரும். எனக்கும் உங்க சீக்குதான். சின்ன வயசுல இருந்து."

சாட்சிக்கா குரலைத் தாழ்த்தினாள். "மாத்திரை சாப்பிடறேல்ல?"

புதுசின் முகம் பூரித்தது. "விட்டுட்டேங்க்கா! ஒம்போது நாளாச்சு. உங்களை மாதிரியே."

"ஐயோ, அப்படியெல்லாம் விடக்கூடாது. டாக்டரைக் கேட்டியா?"

"நீங்க கேட்டீங்களா?"

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் இந்தப் பெயர் போகும், அண்ணி கூட்டத்தில் தலைகுனிவாள், அந்தக் கடைசி அறை போகும். வேறு எங்கே போவாள், பெட்டியைத் தூக்க இன்னொரு அண்ணி இருக்கிறாளா? மென்று விழுங்கினாள்.

"நான் சொல்றதைக் கேளு. மறுபடி ஆரம்பிச்சிரு" என்றாள் கெஞ்சலாக.

புதுசு சிரித்தாள். "எனக்குத் தெரியும்க்கா. என் விசுவாசத்தைச் சோதிச்சுப் பாக்கறீங்க. விசுவாசிக்கு இப்படிச் சோதனை வரும்னு அண்ணி கூட்டத்துலயே சொல்லியிருக்காங்க. நான் அசைய மாட்டேன்."

சாட்சிக்கா கட்டிய சுவர், அவளே வெளியே வர ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாத அளவுக்கு உறுதியாக இருந்தது.

மறுநாள் புதன் காலை, அடுப்படியில் அண்ணி தனியாக இருந்தாள். சாட்சிக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, நான் மாத்திரையை விடல. ஒரு நாளும் விடல."

அண்ணி திரும்பவில்லை. பால் பொங்குவதைப் பார்த்து அடுப்பைக் குறைத்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? காலி அட்டையைப் பேப்பர்ல சுத்தித் தெருமுனைத் தொட்டியில போடறே. மாடியில துணி காயப்போடறவளுக்குக் கண்ணு இல்லையா?"

சாட்சிக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா என்கிட்டயும் ஒரு பொய் சொல்லணும் நீ. அதான் கேக்கல."

"கூட்டத்துல விட்டுட்டேன்னு சொல்ல விட்டீங்களே அண்ணி."

"அதை நீ சொன்னே. நான் சொல்லல." அண்ணியின் குரல் கொஞ்சம் உடைந்தது. "நாப்பது பேர்டி. எத்தனை வீடு இதைக் கேட்டு நிமிர்ந்திருக்கு. இப்ப போய்ப் பொய்யின்னா எல்லாமே பொய்யின்னு போயிருவாங்க. நான் எங்க போய் முகத்தை வெச்சுக்கறது?"

அண்ணியும் ஒரு கடைசி அறையில்தான் இருக்கிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. புதுசைப் பற்றிச் சொன்னாள். அண்ணி வெகுநேரம் பாலைக் கிளறினாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறு. நான் அவளைத் தனியாக் கூப்பிட்டு, டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டிக்கோன்னு சொல்றேன். உம் பேரும் வராம, எம் பேரும் வராம முடிச்சிடறேன்."

"சரி அண்ணி" என்றாள். சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகிய வார்த்தை.

அன்றைக்கு ஜெபிக்க உட்கார்ந்தாள். வாயைத் திறந்தால் அண்ணியின் ஜெபம் வந்தது. அண்ணியின் வார்த்தை, அண்ணியின் ஏற்ற இறக்கம், அந்த இடறல் உட்பட. அதை நிறுத்திவிட்டுத் தன்னுடையதாக ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் அண்ணியின் வாயால்தான் ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை தெரியலவோடு உருளையில் துணி கொடுக்கிற இன்னொருத்தி வரவில்லை. விசில் கூடத்தைச் சுற்றிப் பார்த்துப் புதுசை நோக்கி விரலை நீட்டினார். "நீ போய் நில்லு." புதுசு சந்தோஷமாகப் போனாள். அது இளக்காரமான வேலை இல்லை, பழகியவர்களுக்குக் கொடுக்கிற வேலை.

சாட்சிக்காவின் கை ஊசியோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். பார்வையை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு போர்வை போனது, இரண்டு போனது, பத்துப் போனது. ஒன்றும் ஆகாது என்று மனசைத் தேற்றிக்கொண்டு குனிந்து ஒரு பொத்தானை எடுத்தாள். நிமிர்ந்தபோது புதுசின் உதடு எதையோ சப்புவதுபோல அசைந்துகொண்டிருந்தது. இடக்கை போர்வையின் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தது. பார்வை எங்கோ இருந்தது. வலிப்புக்கு முன் நீ இப்படித்தான் செய்வாய் என்று அண்ணி நூறுமுறை சொல்லிக் காட்டியிருக்கிறாள். போர்வை உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த வலக்கையும் கூடவே போனது. தெரியல தன் முனையைக் குனிந்து நேராக்கிக்கொண்டிருந்தாள்.

எப்படிப் போனாள் என்று அவளுக்குத் தெரியாது. நாற்காலி விழுந்த சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. சிவப்புக் கயிற்றை உடம்பின் கனமெல்லாம் போட்டு இழுத்தாள்.

உருளை நின்றது. இரைச்சல் நின்றது. புதுசின் விரல் நுனிக்கும் உருளைக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. அடுத்த நொடி அவள் வெட்டி இழுத்துக் கீழே சரிந்தாள். சாட்சிக்கா விழாமல் தாங்கித் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒரு தலையணை உறையை மடித்துத் தலைக்கடியில் தள்ளினாள். யாரோ சாவிக்கொத்தை நீட்டினார்கள்.

"சாவி வேண்டாம். தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்."

அண்ணியின் வார்த்தைகள்தான். இந்த முறை அதில் பொய் இல்லை. அண்ணியிடமிருந்து எடுத்துக்கொள்ள இதுவும் இருந்ததே என்று பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டாள்.

விசில் ஓடி வந்தார். "யாரு கயித்தை இழுத்தது?"

மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். பழக்கம்.

"நான்தான்" என்றாள்.

"இவளுக்கு என்ன?"

"எனக்கு இருக்கறதுதான் இவளுக்கும்."

"உனக்குத்தான் குணமாயிருச்சுன்னு உங்கண்ணன் சொன்னாரே?"

"குணமாகலைங்க. மாத்திரையில அடங்கியிருக்கு. ஒரு நாள்கூட நிறுத்துனதில்ல. நிறுத்திட்டேன்னு நான்தான் பொய் சொன்னேன். அதைக் கேட்டு இவ நிறுத்திட்டா."

தெரியல வந்து புதுசின் காலடியில் உட்கார்ந்து பாவாடையை இழுத்துவிட்டாள்.

புதுசு தெளிந்து கண் விழித்தபோது சாட்சிக்கா பொத்தான் டப்பாவைத் திறந்து, ஒரு மாத்திரையைத் தேடி எடுத்துக் காட்டினாள்.

"நீங்க விட்டுட்டதாச் சொன்னீங்களே" என்றாள் புதுசு. நாக்கு இன்னும் குழறியது.

"பொய்."

"எதுக்குக்கா?"

"நல்ல பேரு கிடைச்சுது. விட மனசு வரல."

புதுசு அவள் கையைத் தட்டிவிட்டாள். பொத்தான்கள் தரையெல்லாம் சிதறின. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே, "அப்ப ஆண்டவர் ஒண்ணுமே செய்யலையா?" என்று கேட்டாள்.

"மாத்திரை கிடைச்சுது. விழுந்தப்பல்லாம் என்னைப் பிடிச்சுக்க எங்கண்ணிக்கு மனசு கிடைச்சுது. இன்னைக்கு நான் நிமிர்ந்து பாத்தேன். அவர் செய்யாம வேற யாரு செஞ்சா?"

ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமலே எழுந்து நின்றாள். அண்ணியின் பேரை இழுக்கவில்லை. தான் சொன்ன ஒரு சொல்லை மட்டும் எடுத்து, அது பொய் என்றாள். தொண்டை எங்கும் இடறவில்லை. அழகாகவும் இல்லை. நாலே வாக்கியம். முடித்தபோது ஸ்தோத்திரம் என்று யாரும் சொல்லவில்லை.

"அப்ப நாங்க அழுததெல்லாம்?" என்று கேட்டார் அந்தக் கடைசி வரிசைப் பெரியவர்.

அப்போதுதான் மூட்டை கட்டுகிறவளின் மாமியார் புடவை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே சர்க்கரை மாத்திரை. "ரெண்டு வருஷமா முடிஞ்சு வெச்சுச் சாப்பிடறேன். இந்தப் பொண்ணு சாட்சி சொன்ன அன்னைக்கு நான் அழுதது எதுக்குன்னு நினைச்சீங்க? எனக்கு மட்டும் இப்படி விசுவாசம் இல்லையேன்னுதான்."

மருமகள் வாயைப் பிளந்து பார்த்தாள். இரண்டு பேர் சிரித்தார்கள். சிலர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். அவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவே இல்லை. அண்ணி யார் முகத்தையும் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான்கு மாதம் அண்ணி அவளோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தாள், பேசவில்லை. பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள் சாட்சிக்கா. போ என்றும் அண்ணி சொல்லவில்லை. சுவரிலிருந்த அட்டையை மட்டும் கழற்றிவிட்டாள். அது இருந்த இடம் வெளுப்பாக, சதுரமாகத் தெரிந்தது. ஐந்தாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் பாட்டு முடியும் நேரம், அண்ணி எழுந்து உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள். திரும்பிப்போய் அடுத்த பாட்டை எடுத்தாள். எல்லோரும் பார்க்கச் சாட்சிக்கா மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

அவளுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. அதே வீட்டின் கடைசி அறையில், பக்கத்துச் சுவரைப் பார்த்த ஜன்னலோடுதான் இருக்கிறாள். வெளியே போக இன்னும் கூடத்தைக் கடந்துதான் போகிறாள். சலவைக்கூடத்தில் வேலையை விட்டு நீக்காமல், தையல் இயந்திரத்தை எடுத்துவிட்டு அவளுக்குக் கைத்தையல் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். எதிரில் உட்கார்ந்து புதுசு பொத்தான் பிரிக்கிறாள். இருவரும் ஒரே நேரத்தில் மாத்திரை சாப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் உட்காருவது கடைசி வரிசையில், தெரியலவுக்குப் பக்கத்தில்.